ஒரே ஒரு செய்தி மட்டும் போகல

எர்த்தெல்லாம் சரியா இருக்குங்க தம்பி. குழியில காலையிலதான் கல்லுப்பு போட்டு தண்ணி ஊத்தினேன். டெலக்ஸ் மெஷின் ரிப்பேருக்கு வர்ற மெக்கானிக் எல்லாரும் முதல்ல அந்தக் குழியிலதான் போய்க் குனியிறீங்க.

டீ குடிங்க. இறால் வாசனை அடிக்குதா? இந்தக் கம்பெனியில தண்ணியே அப்படித்தான் இருக்கும்.

ஆமா, எழுபத்தெட்டுல இந்த மெஷின் வந்ததுலேருந்து நான்தான் அடிக்கிறேன். மத்தவங்கல்லாம் ஐஸ் கொட்டகையில கத்திக்கிட்டிருப்பாங்க. இந்த ரூம்ல நானும் இதுவும்தான். மண்டபத்தூர் இறால் எத்தனை பெட்டின்னு இங்க அடிச்சா, மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் மெஷின்ல பேப்பர்ல விழும். அங்கேருந்து நீலமேகம்னு ஒருத்தர் பதில் அடிப்பார். ஆளைப் பாத்ததில்ல. இறால் கணக்குல ஒரு முற்றுப்புள்ளியக்கூட விட்டுட மாட்டார். அது எனக்கு ரொம்பப் புடிக்கும். எல்லாம் முடிஞ்சு கடைசியில, அங்கே மழையான்னு ஒரு வரி போடுவார். நானும் ஏதாவது போடுவேன். தூறலே இல்லாட்டியும் கொஞ்சம் தூறுதுன்னு போட்டிருக்கேன்.

டெஸ்ட் அடிக்கணுமா? அடிங்க. பாத்தீங்களா, அவங்க மெஷின் பேர் வந்துடுச்சு. ஆள் இல்லாட்டியும் அது தானா பேர் சொல்லிடும்.

நேத்து அனுப்பினதா? போச்சு. பதிலும் வந்துச்சு. லாரி கேட்டது, ஐஸ் கேட்டது, முதலாளி குடுத்தது எல்லாமே போச்சுங்க.

அப்ப எதுதான் போகலைன்னா... போன வெள்ளிக்கிழமை ஒன்னு. முதலாளி குடுத்ததில்ல. நானா நீலமேகத்துக்கு அடிச்சது. சிரிக்காதீங்க, நாப்பது தாண்டினவதான். அக்கா மவ கல்யாணத்துக்கு மெட்ராஸ் வர்றேன், எழும்பூர் ஸ்டேஷனுக்கு வர முடியுமான்னு கேட்டேன். மறுநாள் பதில் வந்துச்சு: பெட்டிகள் வந்து சேர்ந்தன, ஐஸ் போதவில்லை. அவ்வளவுதான். அன்னைலேருந்து மழைகூடக் கேக்கறதில்ல.

ஆமாங்க, அன்னைக்கும் அவங்க மெஷின் பேர் வந்துச்சு. அடிக்கிறதுக்கு முன்னாலயும் வந்துச்சு, பின்னாலயும் வந்துச்சு. அப்படின்னா அங்க பேப்பர்ல விழுந்திருக்கும், படிச்சிருப்பார். அது தெரியாமலா இத்தனை வருஷம் இதுல உக்காந்திருக்கேன்?

இருந்தாலும், கிளம்பறப்ப, போன வாரம் லைன்ல கோளாறு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

முதலாளிகிட்ட இல்லீங்க. என்கிட்ட.