செம்பாக்கம் பஸ்ஸில் கேட்ட முயல் சமாசாரம்

தாம்பரத்தில் பஸ் கிளம்பும்போது எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு க்ளாஸ் பூரா பிள்ளைங்களை உச்சா டான்ஸ் ஆட வச்சிட்டேன்டி."

நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

"என்னடி உளர்ற?"

"ஒண்ணாங்கிளாஸுக்கு ஹெல்ப் பண்ணப் போறேன்ல, அங்க இங்கிலீஷ் பீரியட்ல தமிழே பேசக் கூடாது. நான் அனிமல்ஸ் நடத்திட்டிருந்தேன். ராபிட்னு சொன்னதும் யாழினின்னு ஒரு குட்டி எழுந்து, காலைப் பின்னிக்கிட்டு குதிக்குது."

"அய்யோ!"

"அவளுக்கு உச்சான்னு இங்கிலீஷ்ல கேக்கத் தெரியலைன்னு எனக்கென்ன தெரியும்? 'சூப்பர்! எல்லாரும் யாழினி மாதிரி பண்ணுங்க'ன்னுட்டேன். மொத்த க்ளாஸும் காலைப் பின்னிக்கிட்டு குதிக்குது. அவ இன்னும் வேகமா குதிக்கிறா, நான் இன்னும் வேகமா கைதட்டுறேன். க்ளாஸ் மிஸ் உள்ள வந்து பார்த்துட்டு, 'யாழினி, ஓடு!'ன்னு கத்தினாங்க."

"ஓடினாளா?"

"நல்லவேளை, ஓடிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு, பாவம் குழந்தை. அவ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்து, 'ராபிட் ஃபினிஷ், மிஸ்'ங்கிறா."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"இப்போ அந்த க்ளாஸ்ல யாருக்கு வந்தாலும் 'மிஸ், ராபிட்'தான்."

"உங்க மிஸ் திட்டலையா?"

"திட்டுறதா? நேத்து அவங்களே என்கிட்ட வந்து, 'க்ளாஸைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா, எனக்கு ராபிட்'னுட்டுப் போனாங்க."