கண்ணடித்ததும் வந்த பணம்

கருங்குழியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். செங்கல்பட்டு பேருந்து நகர்ந்ததும் மூத்தவர் சத்தமாகச் சொன்னார்:

“கவுருமெண்ட்டப் பாத்து கண்ணடிச்சேன். நேத்து பணம் வந்துட்ச்சு.”

பாதிப் பேருந்து திரும்பியது.

“இன்னாக்கா சொல்ற?”

“விவசாயிக்குப் போடுற பணம் எனக்கு மட்டும் நின்னுபோயிருந்துதுல்ல? மிஷின்ல வெரல வெச்சா ரேகையே உழல. நாத்து பறிச்சுப் பறிச்சு தேஞ்சுபோச்சு. அவ்ளோதான், பணம் போச்சுன்னு நெனச்சேன். சேவை மையத்துப் பொண்ணுதான் எம் மூஞ்சிக்கு நேரா செல்லப் புடிச்சு, கண்ண சிமிட்டுக்கான்னுது. சிமிட்டினேன், ஏத்துக்கினாங்க. அந்தப் பொண்ணு நல்லாருக்கணும். கவுருமெண்ட்டும் நல்லாருக்கட்டும்.”

“மாமா இன்னா சொன்னாரு?”

“கல்யாணம் ஆன நாளா என்னப் பாத்து ஒரு தபா கண்ணடிச்சியான்னு கேக்குறாரு.”

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். இளையவர் மற்றவரின் கையை எடுத்து, வழவழவென்றிருந்த விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

“இப்ப எங்கக்கா போற?”

“வெதநெல்லு வாங்கத்தான்.”

“மறுபடியும் நாத்தா? இருக்கிறதும் தேஞ்சுடும்க்கா.”

“தேயட்டும்டி. மூஞ்சிதான் கீதே.”