குளியலறைச் சுவரில் மாட்ட வேண்டிய மடல்

ஆன்டெனாவின் அடித்தாளை அல்லும் பகலும் ஆராய்ந்த அண்ணலே! பளபளக்கும் பிளாஸ்டிக்கை விலக்கிப் பாமரத் தாளைப் பற்றிய பண்பாளரே! இப்போதெல்லாம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் குழாயடியில் காட்டுவதால் ‘ஈரக்கை ஐயா’ என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் அழைக்க, அதைக் கேட்டும் கேளாதவர்போல் நடந்த பெருந்தகையே! வணங்குகிறோம்.

பெட்டியில் ஒட்டிய டேக், ரீடர் கருவி கேட்டதும் ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதன் ஆன்டெனாவைப் பதிக்கப் பிளாஸ்டிக் படலம் எதற்கு, தாளே போதும் என்றீர்கள். நம் ஆய்வகத்தில் எல்லா டேக்குகளும் கிளிப்பிள்ளைபோல் பேசின. தலைகால் புரியாமல் கொண்டாடினோம். குளிர்கிடங்கிலோ, வெளியே வந்த காய்கறிப் பெட்டிகள் வியர்க்க, தாள் அந்த ஈரத்தைக் குடிக்க, டேக்குகள் வாயடைத்துப் போயின. கிடங்குக்காரர் முன்னால் எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் மட்டும் நிமிர்ந்து நின்று, "தாள் மேல தப்பே இல்லைங்க. நாங்கதான் அதை ஏசி ரூம்ல உக்கார வச்சுச் சோதிச்சோம்" என்றீர்கள்.

மேலாளர் பிளாஸ்டிக்குக்கே திரும்பச் சொன்னார். அந்த விலைக்குக் காய்கறிக்காரர்கள் டேக் பக்கமே வரமாட்டார்கள் என்று மல்லுக்கட்டி, வரும் மழைக்காலம் வரை தவணை வாங்கினீர்கள். அன்றுமுதல், ஈரம் ஏறாதிருக்க மெழுகு பூசிய தாள்களெல்லாம் உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஏறின. "சோப்பு வைக்கவே இடமில்ல, இதுல உங்க தாளு வேற!" என்று சலித்துக்கொண்டே, வெந்நீர் ஆவி பட்ட டேக் எது, படாதது எது என்று எங்களுக்குப் போனில் சொன்ன உங்கள் இல்லத்தரசியாருக்கும் இம்மடலில் பாதி உரியது. உங்களுக்குக் கோபம் வரும். தேநீர் ஆறுவதற்குள் போய்விடும். கையெழுத்துதான் கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

மழை இன்னும் தொடங்கவில்லை. உங்கள் பணிக்காலமோ இன்றோடு முடிகிறது. தாளா, பிளாஸ்டிக்கா என்ற முடிவு நீங்கள் இல்லாத அறையில்தான் எடுக்கப்படும். ஆகவே, நீங்கள் கடைசியாகப் பூசிய அதே மெழுகுத்தாளில் இம்மடலை அச்சிட்டு, பின்புறம் அதே தாளில் செய்த டேக்கை ஒட்டி, கண்ணாடி போடாமல் சட்டமிட்டிருக்கிறோம். தயவுசெய்து கூடத்தில் மாட்டிவிடாதீர்கள். குளியலறையில் மாட்டுங்கள்.

மழை பிடித்ததும் ரீடரை எடுத்துக்கொண்டு வாரந்தோறும் வருவோம். மடல் பேசினால் மேலாளரிடம் ஓடுவோம். பேசாவிட்டால், அடுத்த பூச்சை எப்படிப் பூசுவது என்று உங்களிடமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். நாங்கள் வந்து தட்டும்போதெல்லாம் கதவைத் திறக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
ஈரக்கை ஐயாவின் ஆய்வகத்தார்