இந்தக் கண்ணை அவர் அடிக்கவில்லை

"ஹலோ... ஹலோ, அண்ணே! வெச்சுடாத, வெச்சுடாத... நான்தான். கையில இருக்கறதைக் கீழ போடு. முதல்ல அதைக் கீழ போடு!"

கண் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி நடைக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், கத்திப் பேசியே பழகிய தொண்டை. வலது கண்ணுக்குக் கீழே இமையோரம் கருஞ்சிவப்பாக வெந்து, கன்னம் வரை ஊதா பாரித்து வீங்கிக் கிடந்தது. அந்தப் பக்கக் காதில்தான் போனை வைத்திருந்தாள். பூசியிருந்த களிம்பு போனில் ஒட்டிப் பிசுபிசுத்தது. புருஷன் வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து ஓர் ஆள், அண்ணன் கம்பியோடு உள்ளே புகுந்துவிட்டான் என்று பதறிச் சொல்லிவிட்டு வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன சத்தம் அது?... அண்ணே, கேக்கறேன்ல, என்ன சத்தம்?... அவர் கையா? எந்தக் கை?... அடப்பாவி, உடைச்சே போட்டியா!"

மறுமுனையில் இரும்பு தரையில் உரசியது. யாரோ மூச்சுவிடத் திணறினார்கள். இடையிடையே காற்றடிக்கும் இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல... இல்ல, அவர் அடிக்கல. சத்தியமா அடிக்கல... ஆமா, உன் பொண்ணுகிட்ட கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதான் சொன்னேன்... ஆமா, ஆமா, அந்தக் காலத்துலயும் அதையேதான் சொன்னேன்... உங்கிட்ட என்ன கேட்டா?... அப்படியா கேட்டா?"

நேற்று அண்ணன் மகள் கல்லூரி விட்டு அத்தை வீட்டுக்கு வந்து கண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றபோது, இவள் வாயில் வந்தது அந்தப் பழைய பொய்தான். பன்னிரண்டு வருஷம் சொல்லிச் சொல்லி வழவழப்பான பொய். பெண் வீட்டுக்குப் போய் அப்பனை நேருக்கு நேர் பார்த்து, அத்தை சொல்வதை இத்தனை நாள் நிஜமாகவே நம்பினீர்களா என்று கேட்டிருக்கிறாள். விடிந்ததும் கம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"கேளு. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டுக் கேளு... கேன்சர் அண்ணே... ஆமா, கேன்சர். கண்ணுக்குக் கீழ, தோல்ல... விளையாடறேனா நானு? ஆஸ்பத்திரியிலதான் நிக்கறேன். லேசர் வெச்சு எரிச்சிருக்காங்க, திங்கக்கிழமை. அதான் மூஞ்சி இந்தக் கோலத்துல இருக்கு."

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே எத்தனை நாளாக இது என்று அண்ணன் கேட்டான்.

"ரெண்டு வருஷமா இருந்துச்சு. சின்னதா, முத்து மாதிரி... கட்டின்னு நினைச்சேன். தானா ரத்தம் வரும், பொருக்கு கட்டும், மறுபடி பிளந்துக்கும். கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க... வண்டியில அந்தப் பக்கம்தானே ஜன்னல்? நாள் முழுக்க வெயில் அங்கதான் அடிக்கும்... இல்ல, இந்த ரகம் உடம்பெல்லாம் ஓடறது ரொம்ப அபூர்வமாம். ஆனா இருக்கற இடத்தைத் தின்னுமாம். விட்டிருந்தா கண்ணைத் தின்னிருக்கும்னாங்க டாக்டரம்மா."

திங்கட்கிழமை அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக இமையில் மூன்று ஊசி. அப்புறம் ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தைக் கண்ணுக்குள்ளேயே நுழைத்து, கருவிழியை மூடினார்கள். சடசடவென்று ஒரு சத்தம். வலி தெரியவில்லை. ஆனால் தன் தசை எரிகிற வாடை தன் மூக்குக்குள்ளேயே ஏறியது, தன் இமைமயிர் கருகும் வாடை. கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் ஒன்று பெயர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

"யாருகிட்ட சொல்ல?... டிப்போவுக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங் பக்கம் விடுவாங்களா? அவர்கிட்டயும் சொல்லல. சூட்டுக்கட்டின்னு சொல்லி வெச்சிருக்கேன்... ஆமா. நீ அடிச்சது ஒண்ணும் தெரியாத ஆளைத்தான்... சரி, ஸ்பீக்கர்ல போடு. அவரும் கேக்கட்டும்."

குரலைத் தணித்துக்கொண்டாள்.

"என்னங்க... ஆமாங்க, நான்தான். கையை அசைக்காதீங்க, அப்படியே மடியில வெச்சுக்கோங்க... ஆமா, சொல்லிட்டேன். நீங்க அடிக்கலன்னு சொல்லிட்டேன்... ஆமாங்க, எல்லார் முன்னாலயும் சொல்றேன்... என்ன?... என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். கடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"ஒரு நாளும் இல்லையா?... கல்யாணமான நாள்லேர்ந்து... ஒரு நாளும் கை நீட்டினதே இல்லையா நீ?"

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த 'ங்க' அவள் நாக்கிலிருந்து கழன்று விழுந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, அவனை விடாத. அடிக்காத, பிடிச்சு மட்டும் வெச்சுக்க... நீ பேசு. ஆமாவா இல்லையா, அது ஒண்ணுதான் எனக்கு வேணும். சட்டை கசங்கியிருக்குன்னு சொல்லி சூடா இருந்த இஸ்திரிப்பெட்டியை என் முதுகுல வெச்சது யாரு?... கேக்கல. சத்தமா... ஆமாவா? சரி. என் இடது காது எப்படிச் செவிடாச்சு? இந்தப் புண்ணு மேல போனை அழுத்திக்கிட்டுப் பேசறேனே, எதனால?... சொல்லு!... ஆமா. நீதான். குளியலறைத் தாழ்ப்பாள்ல என் தலையை எத்தனை தடவை மோதின?... நாலா? ஏழு. நான் எண்ணினேன்."

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள், கொஞ்சம் பொறு என்பதுபோல.

"நாலு வருஷமா ஏன் அடிக்கல? திருந்திட்டியா? அதையும் சொல்லிடு... ஆமா. ஜாக்கிக் கம்பியால உன் முட்டியைப் பேத்தேன், அதனால. வேற ஒண்ணும் இல்ல."

திடீரென்று அங்கே ஏதோ சரிந்தது. டயர் அடுக்கு போல, ஒன்றன்மேல் ஒன்றாகத் திம் திம்மென்று. அப்புறம் இரும்பு எலும்பில் படும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு அலறல்.

"அண்ணே! அடிக்காதன்னேன்! அண்ணே, நிறுத்து!... வேண்டாம்... தலையில வேண்டாம்! இன்னைக்கு என்னத்துக்குடா உனக்கு இந்த வீரம்? காது கிழிஞ்ச அன்னைக்கு உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, ரத்தம் ஒழுக ஒழுக! பொறுத்துப் போன்னு சொல்லி நீதானே ஆட்டோ ஏத்தித் திருப்பி அனுப்பின? அன்னைக்கு எங்க போச்சு இந்தக் கம்பி?"

அண்ணனை அவள் 'டா' போட்டதே இல்லை.

பிறகு கம்பி கீழே விழுந்து உருண்டு போவது கேட்டது. அதன்பின் அண்ணனின் கனத்த குரல், விக்கி விக்கி.

"மூச்சு இருக்கா அவனுக்கு?... பார்த்துச் சொல்லு... பேசறானா? சரி. அழாத. நான் அழக்கூடாது, புண்ணுல பட்டா எரியும். நீயும் அழுது என்னையும் அழ வைக்காத... அண்ணே, மன்னிப்பெல்லாம் அப்புறம். அடுத்த மாசம் மறுபடி பார்ப்பாங்க, ஓரத்துல மிச்சம் இருந்தா மறுபடி எரிப்பாங்க. கூட ஒரு ஆள் வரணும்னு சொல்லியிருக்காங்க. உன்னைக் கொலைக்கேசுல உள்ள தள்ளிட்டா எனக்கு யாரு வருவா?"

மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப நான் சொல்றதைச் செய். வண்டியைக் கூப்பிடு, அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில சேரு. கட்டுப் போட்டதும் நேரா ஸ்டேஷனுக்குப் போ... ஆமா, நீயாத்தான் போகணும். நான்தான் கையை உடைச்சேன்னு உன் வாயால சொல்லு, தப்பிக்கப் பார்க்காத... நானும் வர்றேன். இங்க மருந்து போட்டதும் வர்றேன். என் பங்குக்கு நானும் எழுதிக் கொடுக்கப்போறேன்... ஆமா, அவன் மேல. பன்னெண்டு வருஷத்தையும்... லேட்டுதான். பரவாயில்ல. கடையில எத்தனை பேர் நிக்கறாங்க?... ஆறு பேரா? அவன் ஆமா ஆமான்னு சொன்னதை அத்தனை பேரும் கேட்டாங்கல்ல?... அப்ப ஒருத்தர் விடாம பேரு எழுதி வாங்கிக்க."

நர்ஸ் மெதுவாக அவள் தோளைத் தொட்டாள். இமையோரத்திலிருந்து களிம்போடு கலந்து ஒரு சொட்டு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன?... அவன் எங்கிட்டப் பேசணுமாமா?... அழறானா... இல்லண்ணே, காதுகிட்ட வைக்காத. எனக்குக் கேக்கற காது ஒண்ணுதான் இருக்கு, அதை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். ஸ்டேஷன்ல வந்து பேசச் சொல்லு. எழுதறவங்க எழுதிப்பாங்க."

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.