எமன் தள்ளிய சைக்கிள்

— தே, நில்லு. இன்னும் எம்மாந்தூரம் வருவே எம்பின்னால?

— நீங்க நின்னா நானும் நிக்கிறேன், ஏட்டையா. நீங்க நடந்தா நானும் நடக்கிறேன்.

— வெள்ளானூரு எல்லைய தாண்டியாச்சு. திரும்பிப் போ, கன்னிம்மா. வெயிலு மண்டைய பொளக்குது.

— எம்புருசன கயித்துல கட்டி சைக்கிளோட இஸ்துகினு போறீங்க. நான் ஊட்ல போயி இன்னா பண்ணட்டும்? சோறாக்கட்டுமா?

— ஆக்கு. நீயாவது துன்னு. பட்டாபிராமாண்ட தண்டவாளத்துல போல்ட்ட கழட்டினவன் உம்புருசன். மிலிட்டரி சாமான் வண்டி கவுந்திருந்தா எத்தினி பேரு செத்திருப்பான், தெரியுமா?

— கவுரலியே!

— கவுராததால தான் ஜெயிலு. அதுவும் சண்டக் காலம்... தொர நெனச்சா இதுக்கே தூக்கு தான். ஆவடில வந்து குந்திகினு கீறாரு. பன்னண்டு மணிக்குள்ள பரந்தாமன கொண்டாந்து நிறுத்துன்னு உத்தரவு.

— தூக்கா... ஐயோ, அந்த வார்த்தைய சொல்லாதீங்க.

— சைக்கிள்ல காத்து இருந்தா இவன கேரியர்ல குந்த வச்சி எப்பவோ போயிருப்பேன். உங்கூட்டு வாசல்ல நிறுத்தினது தான்... டயரு சப்பைன்னு பூட்ச்சி.

— எங்க துரோபதை அம்மன் தான் புடுங்கியிருப்பா.

— ஆமா, அவளுக்கு வேற வேல இல்ல. சைக்கிள் காத்த புடுங்கறா!

— சிரிக்காதீங்க, ஏட்டையா. நாளைக்குத் தீ மிதிக்கிற மனுசன். கையில காப்பு கீது. காப்பு கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

— காப்ப பாத்தேன், பாத்தேன். நல்லாவே பாத்தேன்.

— பாத்துமா கட்டி இஸ்துகினு வந்தீங்க?

— சர்க்காருக்கு ஏதும்மா எல்லை? அது சரி... இவன் இன்னா வாயே தொறக்க மாட்டேன்றான்? ஊட்லேர்ந்து பாக்குறேன். ஆமா இல்லன்னு ஒரு வார்த்த இல்ல.

— பேசா விரதம்.

— எப்பலேர்ந்து?

— காப்பு கட்டினதுலேர்ந்து.

— நேத்து கோயில்ல பாரதம் படிக்கறப்போ சத்தம் போட்டு வெத்தல கேட்டானாமே, பரந்தாமன்?

— அது... அது சாயங்காலம். அப்புறமா தான் விரதம் எடுத்தாரு.

— ஓகோ. தே, ஒண்ணு சொல்றேன் கேளு. நான் திருநின்றவூரு கூத்துல வருசா வருசம் எமன் வேசம் கட்டினவன். சாவித்திரி பின்னாலயே வந்து எமன எப்டி மடக்கினான்னு ஒரு அடி வுடாம எனக்குத் தெரியும். என்னான்ட அந்த வேல வாணாம்.

— நான் இன்னா மடக்கினேன்?

— இப்ப ஆரம்பிப்ப. மாமனாருக்குக் கண்ணு குடுன்னுவ. அப்புறம் ராஜ்ஜியம் குடுன்னுவ. கடைசில புள்ள வரம் கேட்டு வாங்கிட்டு, புருசன் இல்லாம புள்ள எப்டின்னு நாக்க புடுங்கறா மாதிரி ஒரு கேள்வி கேப்ப.

— எம்மாமனாருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. ராஜ்ஜியத்த தான் வெள்ளக்காரன் வச்சிகினு கீறான். அத்த வாங்கிக் குடுக்கறீங்களா?

— ஷ்ஷ்! காக்கிச் சட்டைக்கு முன்னால இன்னா பேச்சு இது! உன்னையும் சேத்துக் கட்டணுமா?

— கட்டுங்க. கூடவே வந்துடறேன்.

— வாய பாரு... சரி, நட நட.

— ராஜ்ஜியம் வாணாம், ஏட்டையா. அந்தப் புளியமரத்து நெழல்ல செத்த குந்தலாம். அத்தயாவது குடுங்க.

— உத்தரவு பன்னண்டு மணிக்கு...

— தலை சுத்துது. ரெண்டு உசுரோட நடக்கிறேன்.

— இன்னா? முழுவாம கீறியா? அடிப்பாவி, மொதல்லயே சொல்றது தானே... குந்து. இப்டி வேர் மேல குந்து. நீயும் குந்துப்பா, விரதம். ஒரு பீடி புடிக்கிற நேரம், அவ்ளோ தான்.

— நீங்க நல்லா இருக்கணும்.

— வாணாம்மா. அந்த வார்த்த எனக்கு ஒட்டாது. இந்த வாரத்துல எத்தினி ஊடு பூந்தேன்... எத்தினி பொம்பளைங்க இப்டி ஓடியாந்தாங்க, தெரியுமா? ஒருத்தி சைக்கிள் சக்கரத்த கட்டிப் புடிச்சிகினு உடவே இல்ல. கூத்துல எமன் ஆடி முடிச்சா மூஞ்சிய கழுவிக்கலாம். இத்த கழுவ முடியல. தூக்கம் வர மாட்டேங்குது.

— அப்ப வுட்டுடுங்க.

— வுட்டுட்டு? எம்புள்ளங்க தெருவுல நிக்கும். பேசாம குந்து.

— தூக்குச் சட்டில கொஞ்சம் கூழு கொண்டாந்தேன்...

— குடு அவனுக்கு. மூஞ்சில போட்ட துண்ட எடுத்துட்டுக் குடிக்கச் சொல்லு.

— வாணாம்!

— இன்னாத்துக்கு இப்டி அலற?

— மூஞ்சிய தொறக்க வாணாம்... நீங்க தானே துண்டு போட்டு மூடச் சொன்னீங்க? ஊரு ஜனங்க பாத்தா கல்லெடுப்பாங்கன்னு?

— இங்க எந்த ஜனம் கீது? காக்கா தான் கீது.

— துண்டுக்குள்ளயே குடிப்பாரு. பழக்கம் தான்.

— துண்டுக்குள்ள கூழு குடிக்கிறது பழக்கமா! நல்லா கீதே உங்க ஊரு. ஏம்மா, இன்னா இப்டி கூழ மேலெல்லாம் ஊத்திக்கிறான் இவன்? தண்டவாளத்த கழட்டின கையாச்சே.

— ...மனுசனுக்குப் பயம் இருக்காதா?

— இருக்கும், இருக்கும். உனக்கும் தான் கீது. தபா தபா ரயிலடி பக்கமே பாக்குற. எத்த எதிர்பாத்துகினு கீற?

— ஒண்ணுமில்ல. சொம்மா.

— கழுத்து சுளுக்கிக்கப் போவுது. சரி, பீடி முடிஞ்சிது. ஏந்திரு.

— இன்னும் கொஞ்ச நேரம், ஏட்டையா...

— ஏந்திருன்றேன்!

— ஏட்டையா! உங்க கால்ல உழுறேன்...

— தே, தே, இன்னா இது! வயித்துப் புள்ளக்காரி மண்ணுல உழலாமா? ஏந்திரும்மா... நல்லாரு, நல்லாரு. புருசன் புள்ள குட்டியோட நல்லா இரு.

— ...அத்த தான் கேட்டேன்.

— எத்த?

— புருசனோடன்னு சொன்னீங்களே. எமன் சொன்ன வார்த்த.

— அட... ஏமாந்துட்டேன் பாரு! அது கூத்து மேடைம்மா. அங்க எமன் வார்த்த குடுத்தா குடுத்தது தான். எனக்கு மேல இன்ஸ்பெக்டரு, அவருக்கு மேல தொர. நான் வெறும் கயிறு, கன்னிம்மா. கயித்தாண்ட போயி வரம் கேக்கறியே.

— கயித்த அவுக்கிற கையி உங்களது தானே?

— இரு. அது இன்னா சத்தம்?

— வண்டி! அரக்கோணம் பாசஞ்சரு... பட்டாபிராம வுட்டுக் கெளம்பிடுச்சி. ஐயோ, தாயே... தாயே...

— இன்னா, சிரிக்கிறியா அழுவுறியா?

— ரெண்டும் தான். இனிமே அடிச்சாலும் சரி, கொன்னாலும் சரி. அந்தத் துண்ட எடுத்துப் பாருங்க.

— எதுக்கு?

— அது எம்புருசன் இல்ல. எங்கண்ணன், லோகநாதன். எம்புருசன் வயக்காட்டு வழியா பட்டாபிராமுக்கு ஓடி, அந்த வண்டில போறாரு. காப்போட எல்லைய தாண்டிட்டாரு... அந்தப் பாவத்த அம்மா எந்தலையில போடட்டும்.

— அப்ப அண்ணன் தலை?

— போல்ட்டு கழட்டின ராத்திரி பூரா எங்கண்ணன் பூந்தமல்லி காம்ப்ல தொரமாருக்குச் சோறு போட்டுகினு இருந்தான். அவுங்களே சாட்சி. இவன தூக்குல போட முடியாது. ஏமாத்தினது நானு, என்னைய கட்டுங்க... ஏன் துண்ட தொடாம நிக்கிறீங்க? அடிக்கிறதுன்னா அடிங்களேன்!

— கத்தாத. எவனாவது வரப் போறான். ஏம்ப்பா லோகநாதா, கைய நீட்டு. காப்பு கட்டின கைய.

— அவன ஒண்ணும் பண்ணாதீங்க, ஏட்டையா...

— ஆம்பளைக்குச் சோத்தாங்கையில தாம்மா காப்பு கட்டுவாங்க. நீ அவசரத்துல, உனக்குக் கட்டிக்கிறா மாதிரியே இவனுக்கும் பீச்சாங்கையில கட்டிட்ட. ஊட்டு வாசல்லயே பாத்துட்டேன். அப்புறந்தான் துண்ட போட்டு மூடச் சொன்னேன்.

— அப்ப... அந்த சைக்கிளு?

— காத்த நான் தான் புடுங்கினேன். அழுவாத, கண்ண தொடச்சிக்கோ. மொதல்ல அந்தக் காப்ப அவுத்து இந்தக் கையில கட்டு. இஸ்டேஷன் ரைட்டரும் தீ மிதிக்கிறவன் தான், பாத்தா கண்டுபுடிச்சிடுவான். வண்டி அரக்கோணம் போயி சேர்ற வரைக்கும் இவன் பரந்தாமனாவே இருக்கட்டும்.