ஐந்து படம் மீதமுள்ள படப்பெட்டிக்காரருக்கு

ஆம்பூர்த் தோல் மண்டியில் முப்பதாண்டு தோல் தரம் பிரித்து, இன்று விடைபெறும் காசிநாதனார் அவர்கள் திருமுன், உடன் உழைத்தோர் உள்ளம் உருகிப் படிக்கும் மடல்

அன்புக்கு உறைவிடமே! அஞ்சா நெஞ்சினரே! எங்கள் அண்ணலே!

தோலில் ஊசிமுனை ஓட்டையும் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை; எங்கள் ஓட்டைகளையோ ஊரறிய நீங்கள் ஒருநாளும் உரைத்ததில்லை. கோபம் வந்தால் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரைவிடக் கடுப்பு. அடுத்த நிமிடமே உங்கள் வடையில் பாதி எங்கள் கையில் இருக்கும்.

பட்டணத்தில் வாங்கிய படப்பெட்டியோடு நீங்கள் வந்த நாளை மறப்போமா? எட்டுப் படம் கொள்ளும் சுருளில் முதல் மூன்றும் உங்கள் இல்லத்தரசி அம்மையார் தேவகி அவர்களை எடுத்தவை. எங்களையும் எடுக்கச் சொல்லி மொய்த்தபோது, "இருங்கப்பா, இன்னும் அஞ்சு இருக்குது, எல்லாருக்கும் உண்டு" என்றீர்கள். அடுத்த மாதமே விஷக்காய்ச்சல் அம்மையாரைக் கொண்டுபோயிற்று. அவர் முகம் பதிந்த படம் வேறெதுவும் இல்லை.

எட்டும் எடுக்காமல் சுருளைக் கழுவக் கொடுப்பார் இல்லை. உங்களுக்கோ எடுக்கக் கை வரவில்லை. "இத்த முடிச்சுட்டா அவளும் முடிஞ்சுடுவா பாய்" என்று நம் சர்தார் பாஷாவிடம் அழுதீர்கள். அன்றே அவர், பெட்டியின் பின்புறம் பட எண் பார்க்கும் சிவப்புக் கண்ணாடி வழியே வெளிச்சம் புகாதபடி கறுப்புத் தோல் துண்டொன்றை வெட்டி ஒட்டினார். நான்கு கோடையாகப் பெட்டி மண்டியின் குளிர்ந்த மூலையில் இருக்கிறது. யாரும் திறந்ததில்லை.

ஐயா, மனம் பொறுக்காமல் சொல்கிறோம். எடுத்த படம் கழுவாமலே கிடந்தால் வெக்கையில் மெல்ல மங்கிப்போகும் என்கிறார் வேலூர் ஸ்டுடியோக்காரர். இதோ அடுத்த கோடையும் வந்துவிட்டது. இனியும் வைத்திருந்தால் அம்மையாரை இரண்டாம் முறை இழப்பீர்களோ என்று அஞ்சுகிறோம்.

ஆகவே மாலையிட்ட கையாலேயே உங்களிடம் யாசிக்கிறோம். இம்மடல் முடிந்ததும் பெட்டியை எடுங்கள். ஒட்டிய தோலை சர்தார் பாஷாவே பிரித்துத் தருவார். நாளைக் காலை ரயிலில் உங்களோடு வேலூருக்கும் வருவார். முகம் தெளிவாக வந்தால் உங்கள் வீட்டில் விளக்கேற்றி வைப்போம். வெறும் வெள்ளையாய் வந்தால், நீங்கள் தனியே அழ விடமாட்டோம்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! எல்லாருக்கும் உண்டு என்றீர்களே, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். அம்மையார் இருக்கும் சுருளில் எங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

இங்ஙனம்,
மண்டி வாசலில் வரிசையாய் நிற்கப்போகும்
உங்கள் தொழிலாளர்கள்
ஆம்பூர், பங்குனி, 1934