செய்யாத பிழைக்கு ஒரு கையெழுத்து

பிறர் உரையாடலை எழுதிவைத்தல் முறையன்று. எனினும் ஓர் ஆட்டக்காரரின் உறுதி மறக்கப்படலாகாதென எழுதுகிறேன். பிரான்ஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பேருந்துத் தரிப்பிடத்தில் காற்பந்துக் கழகச் செயலாளர் ஒருவரும், ஆடத் தடைவிதிக்கப்பட்ட அவரது ஆட்டக்காரரும் எனக்கு முன் நின்றனர்.

"நடுவரைத் தள்ளினதுக்கு மன்னிப்புக் கடிதம் நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். கையெழுத்தை வை, தடையை எடுப்பினம். ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸ் தமிழர் அணிக்கு ஆள் எடுக்கினம்."

"நான் தள்ளேல்லை அண்ணை. விழுந்த பொடியனைத் தூக்கப் போனன். நடுவர்தான் பின்னாலை வந்து என்னிலை இடிபட்டவர்."

"உனக்கு முப்பது வயசு. இனி உன்னை ஆர் கூப்பிடுவினம்?"

"கூப்பிடாட்டி விடட்டும். செய்யாததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நீ இல்லாட்டி அந்த அணியிலை கோல் போட ஆளில்லையடா."

"அப்ப, அவையளெல்லோ எனக்குக் கடிதம் எழுதவேணும்."

செயலாளர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் இட்டார். செவிப்பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக.